கச்சதீவில் ஓர் இரவு

ஆண்டின் முந்நூற்று அறுபத்தைந்து நாள்களுள் ஏறக்குறைய எல்லா நாள்களும் ஆளரவமின்றிக் கிடக்கும் ஒரு தீவு, ஓர் இரவு மட்டும் ஊராகிவிடுகின்றது. அங்கே அந்த இரவில் அடுப்புகள் எரிகின்றன, குழந்தைகள் உறங்குகின்றனர், முதியோர் பழங்கதை பேசுகின்றனர். மறுநாள் நண்பகலுக்குள் அந்த ஊர் கலைந்துபோகின்றது. மணலில் பதிந்த காலடிகளையும் காற்று அழித்துவிடுகின்றது. அந்தத் தீவின் பெயர் கச்சதீவு.

குடும்பத்தோடும் நண்பர்களோடும் கடற்கரையில் கூடாரமடித்துத் தங்குவது இக்காலத்தில் பல நாடுகளில் உல்லாசப் பொழுதுபோக்காக வளர்ந்திருக்கின்றது. யப்பான் போன்ற தீவு நாடுகளில் கோடை வந்தால் கடலோரங்களில் கூடாரங்கள் வரிசையாக எழும்புகின்றன. யாழ்ப்பாணத்துத் தீவகத்து மக்களுக்கும், பாக்கு நீரிணைக்கு அப்பால் இராமேசுவரக் கரையில் வாழும் மக்களுக்கும் இவ்வழக்கம் புதியதன்று. ஆனால் அவர்கள் உல்லாசம் என்ற பெயரில் அதனைச் செய்யவில்லை. நேர்த்திக்கடன் என்ற பெயரில் செய்து வந்தனர். புனித அந்தோனியார் திருவிழாவே அதற்கு நிமித்தம்.

கச்சதீவின் பரப்பளவு சுமார் 285 ஏக்கர். அது இலங்கையின் நெடுந்தீவுக்கும் இந்தியாவின் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட கடலில் உள்ளது. நிருவாக முறையில் நெடுந்தீவுப் பிரதேசத்தைச் சேர்ந்தது. ஏறக்குறைய 50 சதுர கிலோமீட்டர் பரப்புடைய நெடுந்தீவில் கிணறுகள் உண்டு, பனைகள் உண்டு, கடற்பாறைக் கற்களை அடுக்கி எழுப்பிய வேலிகளுக்குள் குடிமனைகளும் உண்டு. கச்சதீவில் இவற்றுள் எதுவும் இல்லை. மணலும், முட்செடியும், தாழ்ந்த பற்றைகளும், ஒரு தேவாலயமும் உண்டு. மனிதர் அங்கே நிலையாகக் குடியேறாததற்குக் காரணம் எளியது: குடிப்பதற்குரிய நன்னீர் அங்கே கிடையாது.

யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று அங்கே செல்லும் வழி, தீவகத்தின் அமைப்பையே விளக்கிக் காட்டும். பேருந்து பட்டணத்தை விட்டுப் பண்ணைக் கடலைக் கடக்கின்றது, வேலணையூடாகச் செல்கின்றது, வாணர் பாலம் என்று மக்கள் வழங்கும் நீண்ட தாம்போதியில் ஏறிப் புங்குடுதீவை அடைகின்றது. அத்தீவின் மேற்குக் கரையில் குறிகட்டுவான் இறங்குதுறை இருக்கின்றது. தரை வழி அங்கே முடிகின்றது. அங்கிருந்து நயினாதீவு கூப்பிடு தூரத்தில் தெரியும். நெடுந்தீவுக்குப் படகில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் செல்ல வேண்டும். கச்சதீவோ அதற்கும் அப்பால், தெற்கே, சில மணி நேரக் கடற்பயணத்தில் இருக்கின்றது. கரை கண்ணுக்கு மறைந்த பின்னரும் படகு சென்றுகொண்டேயிருக்கும். முதன்முறை செல்லும் குழந்தைகள், “இன்னும் எவ்வளவு தூரம்?” என்று கேட்கத் தொடங்குவது அப்பொழுதுதான்.

இப்பயணம் மாசி, பங்குனி மாதங்களில் அமைவதன் பொருத்தத்தை அறிதல் நன்று. பாதுவை நகர் அந்தோனியார் 1231ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் மறைந்தார். ஆகவே உலகெங்கும் அவருடைய திருநாள் ஜூன் மாதத்தில் கொண்டாடப்படுகின்றது. ஆனால் ஜூன் மாதம் பாக்கு நீரிணையில் சோளகம் வீசும் காலம். இக்கடல் ஆழம் குறைந்தது. பெரும்பாலான இடங்களில் ஆழம் பதினைந்து மீட்டரை எட்டுவதில்லை. ஆழமற்ற கடலில் காற்று எழுப்பும் அலை குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்தும் வரும். பெருங்கடலின் நீண்ட அலையில் மிதந்து செல்லும் படகு, இங்கே உலுப்பப்படும். கார்த்திகை, மார்கழியில் வாடைக்காற்று உண்டு. வாடை தணிந்து சோளகம் தொடங்குமுன் உள்ள இடைவெளியே கடல் அமைதியாகக் கிடக்கும் பருவம். கச்சதீவுத் திருவிழா பெப்ரவரி அல்லது மார்ச்சு மாதத்தில், தவக்காலத்தில் வருகின்றது. பெண்களையும் குழந்தைகளையும் வள்ளத்தில் ஏற்றிச் செல்லும் மக்களுக்கு இதைவிட ஏற்ற பருவம் இல்லை.

இனிப் பயணத்துக்கான ஆயத்தத்தை நோக்குவோம். நயினாதீவில் நாகபூசணி அம்மன் திருவிழாவுக்குச் செல்பவர் வெறுங்கையோடும் செல்லலாம். அங்கே வருவோர்க்கு அன்னதானம் வழங்கும் மண்டபம் உண்டு. ஊரும் உண்டு, கிணறும் உண்டு. கச்சதீவுக்குச் செல்பவரோ தமக்கு வேண்டியதைத் தாமே சுமந்து செல்லும் மரபில் வளர்ந்தவர். முதலில் எண்ண வேண்டியது தண்ணீர். ஒருவருக்குக் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு நான்கு லிட்டர் என்று கொண்டால், ஆறு பேர் உள்ள குடும்பத்துக்கு ஒன்றரை நாளைக்கு 36 லிட்டர் வேண்டும். திரும்பும் படகு தாமதித்தால் தேவைப்படுமென்று இன்னும் சிறிது சேர்த்தால் 40 லிட்டர் ஆகும். 40 லிட்டர் தண்ணீரின் எடை 40 கிலோ. அதை ஒரே கலனில் கொண்டுபோனால் படகிலிருந்து இறக்குவது அரிது. கலன் கவிழ்ந்தால் அனைத்தும் போய்விடும். ஆகையால் ஐந்து லிட்டர்க் கலன்கள் எட்டு என்று பிரித்துக்கொள்வதே அறிவு. வளர்ந்த பிள்ளைகள் ஆளுக்கொன்று தூக்கலாம். இந்நாள்களில் கடற்படையினரும் அரச அதிகாரிகளும் திருவிழாவின்போது குடிநீர் விநியோகம் செய்கின்றனர். எனினும் அனுபவப்பட்ட குடும்பங்கள் தமது பங்கைத் தாமே கொண்டு செல்வதை விட்டுவிடவில்லை.

உணவிலும் ஒரு முறை உண்டு. தவக்காலமாதலால் பலர் மாமிசம் தவிர்ப்பர். இது பயணத்துக்கும் வசதியாயிற்று. முதல்நாள் மதியத்துக்குப் புளி சேர்த்த கட்டுச்சோறு. அது வெயிலில் எளிதில் கெடாது. மாலைக்குப் பாணும் சம்பலும். அதற்குப் பின்னர் எவ்வளவு நாள் இருந்தாலும் கெடாத யாழ்ப்பாணத்துப் பண்டங்கள் கைகொடுக்கும்: புழுக்கொடியல், பனாட்டு, எள்ளுருண்டை, பொரிவிளாங்காய். பனையின் கிழங்கையும் பழத்தையும் வெயிலில் உலர்த்திப் பாதுகாக்கக் கற்ற முன்னோர், தம் பேரப்பிள்ளைகள் கூடாரத்தில் தங்குவதற்கும் வழிசெய்து வைத்தனர் எனலாம்.

பிறகு ஒரு படங்கு, நான்கு தடிகள், கயிறு, பாய்கள், இரவில் போர்த்த ஒரு கம்பளி, ஒரு விளக்கு. கடலோரத்தில் பகல் வெயில் கடுமையாயிருப்பினும் பின்னிரவில் பனியும் காற்றும் குழந்தைகளை நடுங்க வைக்கும். இவற்றோடு ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி. முன்னர் இதனைப் பொருட்படுத்தாதோர் உண்டு. இன்று அங்கி அணியாதவரைப் படகில் ஏற்றுவது தகாது என்பது பொது விதி. கடலை அறிந்தவர்தாம் கடலுக்கு அஞ்சுவர்.

தீவின் கரை ஆழமற்றது. பெரிய படகுகள் கரையோடு அணைவது எளிதன்று. இறங்கும் நேரமே குடும்பத்தின் ஒற்றுமை புலப்படும் நேரம். முதலில் இளைஞர் இறங்குவர், பின் குழந்தைகள் கைமாறுவர், பின்னர் பெத்தாச்சிமார் இரு தோள்களில் கைபோட்டு இறங்குவர், இறுதியில் சாமான்கள். கரையேறியதும் கூடாரத்துக்கு இடம் பார்க்க வேண்டும். இங்கே வற்றுப்பெருக்கு அதிகமில்லை. நீர் ஒரு மீட்டர் உயர்வதே அரிது. ஆயினும் கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பாசிக் கோட்டுக்கு மேலேயே பாய் விரித்தல் வேண்டும். அந்தப் பாசிக் கோடு, கடல் தன் எல்லை இதுவென்று எழுதிவைத்த எழுத்து. படங்கின் முதுகு காற்றை நோக்க வேண்டும். அடுப்பு காற்றின் கீழ்ப்புறத்தில், உலர்ந்த பற்றைகளுக்கு எட்டத் தள்ளி இருக்க வேண்டும். ஒருவர் கூடாரம் கட்ட, மற்றொருவர் கயிறு பிடிக்க, அடுத்த குடும்பத்தார் கேளாமலே வந்து தடியை ஊன்றிக் கொடுப்பர். நட்பு அங்கேதான் தொடங்குகின்றது.

“பிள்ளை, முகம் கழுவ அந்தத் தண்ணியை எடுக்காதை. கடல் இருக்குதல்லோ!” என்று பாட்டியொருத்தி சொல்வதை எந்த ஆண்டிலும் கேட்கலாம். வீட்டில் கிணற்றடியில் வாளி வாளியாக அள்ளி ஊற்றிக்கொண்ட பிள்ளை, தண்ணீரின் விலையை முதன்முதலாக அறிவது கச்சதீவில்தான்.

பிற்பகலில் கொடியேறுகின்றது. தொடர்ந்து சிலுவைப்பாதைத் தியானம், பின்னர் திருப்பலி, இரவில் விளக்கொளியில் புனிதரின் திருச்சொரூபப் பவனி. மறுநாட் காலை திருவிழாத் திருப்பலியுடன் விழா நிறைவெய்துகின்றது. யாழ்ப்பாண மறைமாவட்டத்தைச் சேர்ந்த குருமாரும், தமிழகத்திலிருந்து வரும் குருமாரும் சேர்ந்து வழிபாட்டை நடத்துவது வழக்கம். அண்மைய ஆண்டுகளில் தென்னிலங்கையிலிருந்து சிங்கள மக்களும் வருவதால் சிங்களத்திலும் வழிபாடு நடைபெறுகின்றது. கத்தோலிக்கர் அல்லாதோரும் அக்கூட்டத்தில் உண்டு. அந்தோனியார் கடலோரத்தில் நின்று மீன்களுக்குப் பிரசங்கம் செய்தார் என்பது பழைய ஐதிகம். மீனை நம்பி வாழும் மக்கள் அவரைத் தமக்குரியவராகக் கொண்டதில் வியப்பில்லை. காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர் என்ற நம்பிக்கையும் உண்டு. கடலில் வலையையும் வள்ளத்தையும், சில வேளைகளில் மனிதரையும் இழந்த குடும்பங்களுக்கு அந்த நம்பிக்கையின் பொருள் வேறு யாருக்கும் முழுவதும் விளங்காது.

இங்குள்ள பழைய ஆலயம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. இராமநாதபுரக் கரையோரத்தைச் சேர்ந்த சீனிக்குப்பன் படையாட்சி என்பவர் அதனை எழுப்பினார் என்பது வழிவழி வந்த செய்தி. இக்கரை மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருக்கும் ஆலயத்துக்கு அக்கரை மனிதர் அடிகோலினார் என்பது கருதத்தக்கது. அதன் அருகே இலங்கைக் கடற்படையினரின் உழைப்பால் கட்டப்பட்ட புதிய ஆலயம் 2016ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்துவைக்கப்பட்டது.

பவனி முடிந்த பின்னர்தான் கச்சதீவின் உண்மையான இரவு தொடங்குகின்றது. கூடாரங்களுக்கிடையே மனிதர் நடமாடுகின்றனர். தங்கச்சிமடத்தாரும் பாம்பனாரும் நெடுந்தீவாரையும் ஊர்காவற்றுறையாரையும் தேடி வருகின்றனர். “அண்ணாச்சி சுகமா?” என்று அக்கரைத் தமிழும், “எப்பிடி அண்ணை, சுகமா இருக்கிறியளே?” என்று இக்கரைத் தமிழும் ஒன்றையொன்று கண்டு நகைக்கின்றன. சென்ற ஆண்டு கைக்குழந்தையாயிருந்தது இவ்வாண்டு நடக்கின்றது. சென்ற ஆண்டு இருந்த பெரியவர் இவ்வாண்டு இல்லை. இச்செய்திகள் யாவும் ஒரு பாயில் அமர்ந்து பேசப்படுகின்றன. முற்காலத்தில் அக்கரையார் சேலையும் கைலியும் கொண்டு வருவர். இக்கரையார் தேங்காய் எண்ணெயும் சவர்க்காரமும் கொண்டு செல்வர். பணத்தைவிடப் பண்டமாற்றே அதிகம் நடந்தது என்று முதியோர் நினைவுகூர்வர். நள்ளிரவுக்குப் பின்னர் பேச்சு அடங்குகின்றது. அலையோசை மட்டும் எஞ்சுகின்றது.

இந்த ஓர் இரவு எளிதாகக் கிடைத்ததன்று. கடலில் எல்லை வகுக்கும் பேச்சு 1921ஆம் ஆண்டிலேயே சென்னை, இலங்கை அரசுகளின் பிரதிநிதிகளிடையே தொடங்கியது. இராமநாதபுரம் ஜமீனுக்கு உரியது என்று ஒரு சாராரும், நெடுங்காலமாக இலங்கை ஆட்சிக்குட்பட்டது என்று மறு சாராரும் வாதித்தனர். இறுதியில் 1974 ஜூன் மாதத்தில் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் கைச்சாத்திட்ட உடன்படிக்கையால், கச்சதீவு எல்லைக்கோட்டின் இலங்கைப் பக்கத்தில் அமைந்தது. அவ்வுடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே கச்சதீவுக்கு வந்து செல்லலாமென்றும், அதற்காகப் பயணப் பத்திரமோ விசாவோ பெறுமாறு இலங்கை அவர்களைக் கேட்காதென்றும் கூறுகின்றது. ஓர் எல்லையை வரைந்த பத்திரமே, அந்த எல்லையைக் கடந்துவந்து வழிபடுவதற்கும் இடம் வைத்தது. அரசியலில் அரிதாகக் காணப்படும் கருணை இது.

ஆயினும் பத்திரத்தில் எழுதிய உரிமை, கடலில் அமைதி இருந்தாலன்றிப் பயன்படாது. இலங்கையில் 1983ஆம் ஆண்டு மூண்ட போர் இக்கடலைப் பல ஆண்டுகள் மக்களுக்கு அடைத்துவிட்டது. திருவிழா தடைப்பட்டது. அதே காலத்தில் இராமேசுவரத்துக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஓடிய கப்பற் சேவையும் நின்றது. இரு கரையிலும் இருந்த உறவினர் ஒருவரையொருவர் காண வேறு எளிய வழியில்லாது போயிற்று. 2002ஆம் ஆண்டுப் போர் நிறுத்தத்துக்குப் பின்னர் வழி சிறிது திறந்தது. 2009இல் போர் முடிந்த பின்னர் மக்கள் ஆயிரக்கணக்கில் வரத் தொடங்கினர். இடையில் கொரோனாத் தொற்று 2021ஆம் ஆண்டில் மீண்டும் வழியை அடைத்தது.

இன்று இந்த இரவுக்கு இடையூறாக நிற்பது வேறொரு பிணக்கு. கடலின் அடியை வாரிச் செல்லும் இழுவை மடிகளால் தம் வலைகள் அறுபடுகின்றன, மீன்வளம் அழிகின்றது என்று யாழ்ப்பாணத்து மீனவர் முறையிடுகின்றனர். போரின்போது கடலில் இறங்க முடியாது தொழிலிழந்து நின்ற மக்கள் அவர்கள். இலங்கை அரசு 2017ஆம் ஆண்டில் இழுவை மடித் தொழிலைச் சட்டத்தால் தடை செய்தது. மறுபுறம், எல்லை தாண்டினரென்று பிடிபட்ட கணவரும் பிள்ளைகளும் சிறையில் இருக்க, படகுகளும் பறிபோக, இராமேசுவரத்துக் குடும்பங்கள் கடனில் மூழ்கி அல்லற்படுகின்றன. இவ்வேதனையின் காரணமாக 2024ஆம் ஆண்டுத் திருவிழாவுக்கு அக்கரை மக்கள் வராது புறக்கணித்தனர். அவ்வாண்டும் கொடியேறியது, திருப்பலி நடந்தது, பவனியும் வந்தது. ஆனால் பாயை விரித்து வைத்துக் காத்திருந்தோருக்கு, வர வேண்டியவர் வரவில்லை. மறு ஆண்டு, 2025இல், அவர்கள் மீண்டும் வந்தனர்.

நீதி எப்பக்கம் என்று ஆராய்வது அரசுகளின் கடமை; மீனவர் சங்கங்களின் கடமை. அது விரைவில் முடிவெய்த வேண்டும் என்பதே இரு கரையாரின் விருப்பம். எனினும் ஒன்று நினைவில் வைக்கத்தக்கது. பகலில் ஒரே மீனுக்காகப் பிணங்கும் இரு திறத்தாரும், ஆண்டில் ஓர் இரவேனும் ஒரே மணலில் அருகருகே உறங்குகின்றனர். ஒருவர் அடுப்பில் நெருப்பணைந்தால் மற்றவர் அடுப்பிலிருந்து கொள்ளி எடுத்துக்கொள்கின்றனர். அவ்வாறு உறங்கி எழுந்தவர்கள் பிணக்கைப் பேசித் தீர்ப்பது, ஒருவரை ஒருவர் காணாதவர்கள் தீர்ப்பதைவிட எளிது. இந்த இரவு மறைந்துபோனால் இழக்கப்படுவது ஒரு திருவிழா மட்டுமன்று. பேசுவதற்கு இருந்த ஓரிடமும் போய்விடும்.

மறுநாட் காலை வெயில் ஏறுமுன் கூடாரங்கள் இறங்குகின்றன. இங்கும் ஒரு கடமை உண்டு. வெறுமையான தண்ணீர்ப் போத்தல்களையும், உணவு சுற்றிய பொலித்தீன் உறைகளையும் மூட்டையாகக் கட்டித் திரும்பக் கொண்டு செல்ல வேண்டும். குடியிருப்போர் எவருமில்லாத தீவில் கூட்டிப் பெருக்க எவரும் வரமாட்டார். விட்டுச் செல்லும் பொலித்தீன் கடலுக்குத்தான் போகும். கடலில் ஆமையும் மீனும் அதனை உண்ணும். வந்தபோது கனத்த கலன்கள் இப்பொழுது வெறுமையாதலால் சுமக்க இடமில்லை என்று எவரும் சொல்ல முடியாது.

விடைபெறும் நேரத்தில் மீந்த தண்ணீரை அக்கரையார் இக்கரையாருக்கும், இக்கரையார் அக்கரையாருக்கும் வழிக்கென்று நீட்டுவதுண்டு. எவர் பயணம் நீண்டதோ அவரே பெற்றுக்கொள்வர். ஒரு படகு வடக்கே திரும்புகின்றது. ஒரு படகு மேற்கே திரும்புகின்றது. “வாற வருசம் பாப்பம்” என்கிறது ஒரு குரல். “அடுத்த வருஷம் பாப்போம்” என்கிறது மற்றொன்று. அச்சொற்களை மெய்யாக்குவதற்குக் கடல் அமைதியாய் இருக்க வேண்டும். அதனிலும் முக்கியமாக, கடலுக்கு இருபுறமும் உள்ளோர் அமைதியாய் இருக்க வேண்டும்.